உபா சட்டத்தில் கைதானவருக்கு என்ன உரிமை மிஞ்சுகிறது? ஒரு புனே கையெழுத்தின் கதை

2018 நவம்பர் 26. புனே செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு பிறந்தது. வழக்கறிஞரும் தொழிற்சங்கவாதியுமான சுதா பரத்வாஜ் உள்ளிட்டோர் மீதான விசாரணையை முடிக்க போலீஸுக்கு இன்னும் 90 நாள் அவகாசம் என்றது அந்த உத்தரவு. நீதிமன்றங்களில் தினமும் நடக்கிற சங்கதிதான். அன்று அதை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் 1 அன்று மும்பை உயர் நீதிமன்றம் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது: அந்த உத்தரவில் கையெழுத்திட்ட நீதிபதிக்கு அப்படிக் கையெழுத்திடும் அதிகாரம் இருந்ததா? இல்லை. அந்த ஒரு பதிலால் சுதா பரத்வாஜ் சிறையிலிருந்து வெளியே வந்தார். அதே வழக்கில் அதே அதிகாரக் குறைபாட்டைச் சுட்டிக்காட்டிய மற்ற 8 பேருக்கு அந்த வழியில் ஜாமீன் கிடைக்கவில்லை.

எப்படி? பயங்கரவாத வழக்கில் கைதாகும் ஒருவருக்குச் சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது, அது எந்த இடத்தில் நழுவுகிறது என்பதை இந்த ஒரு சம்பவத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

முதலில், வழக்கு என்ன?

1818-ல் புனே அருகே கோரேகாவ் பீமாவில் பேஷ்வா படையை எதிர்த்து நடந்த சண்டையில் பிரிட்டிஷ் படையில் மகர் சமூக வீரர்கள் இருந்தார்கள். தலித் மக்கள் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று அங்குள்ள நினைவுத்தூணுக்குச் செல்வது வழக்கம். 200-வது ஆண்டை ஒட்டி 2017 டிசம்பர் 31 அன்று புனே சனிவார் வாடாவில் 'எல்கார் பரிஷத்' என்ற மாநாடு நடந்தது. மறுநாள் கோரேகாவ் பீமாவில் வன்முறை வெடித்தது; ஓர் இளைஞர் உயிரிழந்தார்.

முதலில் வந்த புகார் இந்துத்துவத் தலைவர்களான மிலிந்த் ஏக்போடே, சம்பாஜி பிடே இருவர் மீது. சில நாள் கழித்துப் புனே விஷ்ராம்பாக் காவல் நிலையத்தில் வந்த இன்னொரு புகார், மாநாட்டில் பேசிய பேச்சுகளே வன்முறையைத் தூண்டின என்றது. இரண்டாவது புகார்தான் பெரிய வழக்காக வளர்ந்தது. தடை செய்யப்பட்ட மாவோயிஸ்ட் கட்சியோடு தொடர்பு என்று சொல்லி 2018 ஜூன் முதல் 2020 அக்டோபர் வரை மொத்தம் 16 பேர் கைது செய்யப்பட்டார்கள். பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், கவிஞர், கலைஞர்கள், ஒரு பாதிரியார். குற்றச்சாட்டுகளை எல்லோருமே மறுத்தார்கள்.

90 நாள், 180 நாள்: ஏன் இந்த எண் முக்கியம்?

சாதாரணக் குற்ற வழக்கில் ஒருவரைக் கைது செய்தால், குற்றத்தின் கடுமையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவேண்டும். செய்யாவிட்டால் கைதானவருக்கு ஜாமீன் கேட்கும் உரிமை தானாக வந்துவிடுகிறது. அவர் குற்றவாளியா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழாது. நீதிமன்ற வட்டாரத்தில் இதை 'டிஃபால்ட் ஜாமீன்' என்பார்கள்.

சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், அதாவது நாம் 'உபா' என்று சொல்கிற சட்டத்தில், பிரிவு 43டி(2) இந்தக் கெடுவை 180 நாள் வரை நீட்டிக்க அனுமதிக்கிறது. போலீஸ் காவலும் 15 நாளிலிருந்து 30 நாளாகிறது. முன்ஜாமீன் கிடையாது. இந்த ஏற்பாடுகள் 1967-ல் சட்டம் வந்தபோது இல்லை. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 2008 டிசம்பரில் செய்த திருத்தத்தில் வந்தவை.

ஆனால் நீட்டிப்பு என்பது போலீஸ் கேட்டதும் கிடைக்கிற சலுகையில்லை. விசாரணை எதுவரை வந்திருக்கிறது, இந்த ஆள் ஏன் இன்னும் உள்ளே இருக்கவேண்டும் என்று அரசு வழக்கறிஞர் தனியே அறிக்கை தரவேண்டும். அதைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யவேண்டும். அந்த நேரத்தில் கைதானவரை நீதிபதி முன் நிறுத்தி, 'உங்கள் காவலை நீட்டிக்கக் கேட்கிறார்கள்' என்று தெரியப்படுத்தவும் வேண்டும். அப்படிச் செய்யாமல் தருகிற நீட்டிப்பு செல்லாது என்று 2022 செப்டம்பரில், குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

புனே வழக்கில் இந்த அறிக்கை விஷயமும் ஒருமுறை வெடித்தது. முதலில் கைதான ஐவருக்கான நீட்டிப்பில், மனு அரசு வழக்கறிஞருடையதா, விசாரணை அதிகாரியுடையதா என்ற தகராறு வந்தது. 2018 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் நீட்டிப்பை ரத்து செய்தது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பிவிட்டது. ஐவரும் உள்ளேயே.

சரி, அந்தக் கையெழுத்தில் என்ன பிரச்சினை?

உபா போன்ற வழக்குகளை விசாரிக்க என்ஐஏ சட்டத்தின் கீழ் சிறப்பு நீதிமன்றங்கள் உண்டு. அப்படி ஒரு சிறப்பு நீதிமன்றம் இருக்கும்போது, மாநிலப் போலீஸ் நடத்துகிற வழக்கானாலும் காவல் நீட்டிப்பு அங்கேதான் நடக்கவேண்டும் என்று 2020 அக்டோபரில் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகு சுதா பரத்வாஜ் தரப்பு பழைய தாள்களைப் புரட்டியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்துப் பதில்கள் வாங்கியது. 2018 நவம்பரில் நீட்டிப்பு தந்த கூடுதல் செஷன்ஸ் நீதிபதி, சிறப்பு நீதிபதியாக நியமிக்கப்பட்டவரே இல்லை என்று தெரிந்தது.

இனி தேதிகளைப் பாருங்கள். முதலில் வீட்டுக்காவலில் இருந்த நாட்களைக் கழித்தால், சுதாவின் 90 நாள் 2019 ஜனவரி 25-ல் முடிந்தது. குற்றப்பத்திரிகை வந்ததோ பிப்ரவரி 21-ல். நீட்டிப்பு செல்லாது என்றால், இடையில் இருந்த அந்த நான்கு வாரம் அவரைச் சிறையில் வைத்திருக்கச் சட்டப்படி ஆதாரமே இல்லை. அவர் முன்கூட்டியே டிஃபால்ட் ஜாமீன் மனு போட்டிருந்தார். அது அந்த நான்கு வாரத்தில் உயிரோடு இருந்தது. ஆகவே ஜாமீன். என்ஐஏ மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 7-ல் தள்ளுபடி செய்தது. இரண்டு நாளில் பைகுலா சிறையிலிருந்து வெளியே வந்தார். கைதாகி மூன்று ஆண்டும் மூன்று மாதமும் ஓடியிருந்தது.

மற்ற 8 பேர்? கெடு முடிந்து குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் அவர்கள் அந்த அடிப்படையில் டிஃபால்ட் ஜாமீன் கேட்கவில்லை. குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். கேட்காததால் கிடைக்கவில்லை.

எனக்கு இதில் உறுத்துவது இதுதான்: நீதிபதிக்கு அதிகாரம் இல்லை என்பது அந்த 8 பேருக்கு அன்று தெரிந்திருக்க வழியில்லை. நீதிமன்றமே அறியாத ஒரு குறையை உரிய நாளில் சுட்டிக்காட்டியிருந்தால்தான் உரிமை என்றால், அது எத்தனை பேருக்குக் கைகூடும்? அந்த வழக்கில் இருந்தவர்களில் சிலர் வழக்கறிஞர்கள். சட்டம் படித்தவர்களுக்கே இந்த நிலை.

சாதாரண ஜாமீன் கேட்கக்கூடாதா?

கேட்கலாம். அங்கே நிற்பது பிரிவு 43டி(5). வழக்கு டைரியையும் குற்றப்பத்திரிகையையும் பார்க்கும்போது குற்றச்சாட்டு 'மேலோட்டமாக உண்மை' என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால் ஜாமீன் தரக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. அந்தக் கட்டத்தில் நீதிபதி முன் இருப்பது பெரும்பாலும் ஒரு தரப்பின் தாள்கள் மட்டுமே. குறுக்கு விசாரணை நடந்திருக்காது. 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்கில், ஜாமீன் கட்டத்தில் ஆதாரங்களை ஆழமாக எடைபோட வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு கதவு ஏறக்குறைய மூடிக்கொண்டது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 2021 பிப்ரவரியில், கேரளப் பேராசிரியரின் கை வெட்டப்பட்ட வழக்கில் கைதான நஜீப் விஷயத்தில், இன்னும் 276 சாட்சிகள் பாக்கி இருப்பதைப் பார்த்த உச்ச நீதிமன்றம், விசாரணை முடிவில்லாமல் இழுத்தால் 43டி(5) இருந்தாலும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவின்படி ஜாமீன் தரலாம் என்றது. 2023 ஜூலையில் வெர்னான் கோன்சால்வஸ், அருண் ஃபெரைரா இருவருக்கும் ஜாமீன் தந்தபோது, ஆதாரத்தின் மதிப்பை ஓரளவாவது உரசிப் பார்க்கத்தான் வேண்டும் என்றது. ஆனால் எல்லா அமர்வும் இதே வழியில் போகவில்லை. 2024 பிப்ரவரியில் குர்விந்தர் சிங் வழக்கில், உபாவில் ஜாமீன் மறுப்பே பொது விதி என்று ஓர் அமர்வு எழுதியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், கடுமையான சட்டங்களிலும் ஜாமீனே விதி என்று இன்னோர் அமர்வு எழுதியது. எந்த அமர்வு முன் உங்கள் மனு வருகிறது என்பதைப் பொறுத்து விடை மாறலாம் என்பதுதான் இன்றைய நிலை.

ஸ்டேன் சுவாமியின் கதையை இங்கே சொல்லாமல் நகர முடியாது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்நாளைக் கழித்த இயேசு சபைப் பாதிரியார். 2020 அக்டோபரில் கைதானபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. உறிஞ்சு குழாய் வைத்த குவளை வேண்டும் என்று நவம்பர் 6-ல் நீதிமன்றத்தில் மனு போட்டார். பதில் சொல்ல என்ஐஏ 20 நாள் அவகாசம் கேட்டது. மருத்துவ ஜாமீனும் மறுக்கப்பட்டது. 2021 ஜூலை 5 அன்று அவரது மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோதுதான், அவர் மருத்துவமனையில் இறந்துவிட்ட செய்தியை நீதிபதிகளிடம் சொன்னார்கள். அவர் குற்றவாளியா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பு சொல்லவில்லை.

போலீஸ் வீட்டு வாசலில் நின்றால் என்ன சொல்லவேண்டும்?

இந்த இடத்தில்தான் கடந்த சில ஆண்டுகளில் நிஜமான முன்னேற்றம் நடந்திருக்கிறது. அதற்கும் ஒரு தொடக்கம் புனே வழக்கில் உண்டு. 2018 ஆகஸ்ட் 28-ல் டெல்லியில் கௌதம் நவ்லகாவைக் கைது செய்ய வந்த புனே போலீஸ் கொண்டுவந்த தாள்களில் பல மராத்தியில் இருந்தன. மொழிபெயர்ப்பு இல்லை. டெல்லி மாஜிஸ்திரேட் அவரை அழைத்துப்போக அனுமதித்தார். என்ன தாள் என்றே படிக்க முடியாமல் எப்படி அனுமதித்தீர்கள் என்பதுபோலக் கேட்டு, டெல்லி உயர் நீதிமன்றம் 2018 அக்டோபர் 1-ல் அந்த உத்தரவை ரத்து செய்தது.

சென்னையிலோ மதுரையிலோ இருக்கிற ஒருவரைத் தேடி வேறு மாநிலப் போலீஸ் வந்தால் இதே கேள்வி எழும். கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்கவேண்டும், விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடவேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்பவை அரசியல் சாசனம் 22-வது பிரிவில் ஆரம்பத்திலிருந்தே இருப்பவை. பயங்கரவாத வழக்குக்கு இதில் விலக்கு இல்லை. 2024 மே மாதம், நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவின் கைது செல்லாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், உபா கைதுகளிலும் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்றது. 2025 நவம்பரில் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் இதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது: கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தரவேண்டும், உடனே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது தரவேண்டும்.

லேப்டாப், போன் பறிமுதல் என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. புனே வழக்கின் முதுகெலும்பே கணினிகளில் கிடைத்ததாகச் சொல்லப்படும் கடிதங்கள்தான். அந்த வன்தட்டுகளின் நகல் பிரதிவாதிகளுக்கும் கிடைத்தது. அதை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், ரோனா வில்சனின் கணினிக்குள் வெளியாள் ஒருவர் தீம்பொருள் மூலம் நுழைந்து கோப்புகளை வைத்ததாக 2021 பிப்ரவரியில் சொன்னது. என்ஐஏ இதை ஏற்கவில்லை. எது சரி என்று விசாரணையில்தான் முடிவாகவேண்டும். ஆனால் நகல் கேட்டு வாங்கியிராவிட்டால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 2024 ஜூலையில் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கவேண்டும்.

போலீஸிடம் சொன்னது சாட்சியமாகுமா?

ஆகாது. உபா எவ்வளவு கடுமையானாலும் இந்த ஒரு விஷயத்தில் தடா, பொடாவைவிட மேல். அந்தச் சட்டங்களில் எஸ்.பி. நிலையிலுள்ள அதிகாரி பதிவு செய்த வாக்குமூலமே சாட்சியமானது.

அதன் விலை என்ன என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் இது தடாவுக்குள் வரும் பயங்கரவாதக் குற்றமே இல்லை என்று சொல்லி 19 பேரை வெளியே விட்டது. ஆனால் தடாவில் எடுத்த வாக்குமூலங்களை மட்டும் வைத்துக்கொண்டது. 19 வயதில் கைதான பேரறிவாளன், 9 வோல்ட் பேட்டரி வாங்கித் தந்ததாகச் சொன்ன வாக்குமூலத்தால் தூக்கு மேடை வரை போனார். அது எதற்கான பேட்டரி என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன வரியைத் தான் எழுதவில்லை என்று, அதைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18-ல்.

எத்தனை பேர் கைது, எத்தனை பேருக்குத் தண்டனை?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2015 முதல் 2020 வரை ஆறு ஆண்டுகளில் உபாவில் கைதானவர்கள் 8,371 பேர். அதே ஆண்டுகளில் தண்டனை பெற்றவர்கள் 235 பேர். 100 பேர் கைதானால் 3 பேருக்குக்கூடத் தண்டனை இல்லை என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துத்தான் பயன்படுத்தவேண்டும். இந்த ஆண்டு கைதானவருக்கு இந்த ஆண்டே தீர்ப்பு வராது. 235 பேரில் பலர் முன்பே கைதானவர்கள். மறுபக்கம், 90 சதவீதத்துக்கும் மேல் தண்டனை வாங்கித் தருகிறோம் என்று என்ஐஏ சொல்வது, தீர்ப்பு வந்த வழக்குகளை மட்டும் வைத்து. இரண்டு எண்ணிலும் வராத கூட்டம் ஒன்று இருக்கிறது: தீர்ப்பே வராமல் உள்ளே காத்திருப்பவர்கள். இந்தச் சட்டத்தின் உண்மையான கனம் அவர்கள் மேல்தான் விழுகிறது. நிரபராதி என்று பத்தாவது ஆண்டில் தீர்ப்பு வந்தாலும் பத்து ஆண்டு போனதுதான்.

"குண்டு வைத்தவனுக்கு எதுக்குய்யா உரிமை?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களைக் கேலி செய்வதில் அர்த்தமில்லை. புனே கோரேகாவ் பார்க்கில் இருக்கிற ஜெர்மன் பேக்கரியில் 2010 பிப்ரவரி 13 மாலை குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு நியாயம் வேண்டும். ஆனால் அந்த வழக்கே பதிலையும் வைத்திருக்கிறது. ஹிமாயத் பெய்க் என்பவருக்கு 2013-ல் புனே நீதிமன்றம் தூக்கு விதித்தது. 2016 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றம் குண்டுவெடிப்புச் சதிக் குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது; வெடிபொருள் வைத்திருந்த குற்றத்துக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. இடையில் மேல்முறையீடு என்ற படி இல்லாமல் இருந்தால்? அந்த 17 பேரின் குடும்பங்களுக்கும் அது நியாயமாகியிருக்காது.

அரசை நம்புவதா என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் 'நம்ம ஆட்சியா, அவங்க ஆட்சியா' என்று பார்த்தே முடிவு செய்கிறோம். 2002 மார்ச்சில் பொடா நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியபோது வைகோ ஆளும் கூட்டணியில் இருந்தார், சட்டத்தை ஆதரித்தார். நான்கே மாதத்தில், ஜூலை 11 அன்று, திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அதே பொடாவில் ஜெயலலிதா அரசு அவரைக் கைது செய்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் வேலூர் சிறை. மகாராஷ்டிரத்தில் 2006 மாலேகாவ் வழக்கில் முஸ்லிம் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்து 2016-ல் விடுவிக்கப்பட்டார்கள். 2008 மாலேகாவ் வழக்கில் ராணுவ அதிகாரி புரோகித் ஒன்பது ஆண்டு ஜாமீனுக்குக் காத்திருந்தார். அவரும் பிரக்யா தாக்கூரும் உள்ளிட்ட ஏழு பேரையும் 2025 ஜூலை 31-ல் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த வெடிப்பில் இறந்த 6 பேரின் குடும்பங்களுக்கு, குண்டு வைத்தது யார் என்ற பதில் 17 ஆண்டுக்குப் பிறகும் இல்லை.

எல்கார் வழக்கிலும் ஆட்சி மாற்றம் குறுக்கே வந்தது. 2019 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் அரசு மாறியது. புனே போலீஸின் விசாரணையையே சிறப்புக் குழு வைத்து ஆராயவேண்டும் என்று சரத் பவார் கேட்டார். 2020 ஜனவரி 24-ல் மத்திய அரசு, மாநிலத்தைக் கேட்காமலே வழக்கை என்ஐஏவுக்கு மாற்றியது. என்ஐஏ சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. வழக்கு புனேயிலிருந்து மும்பைக்குப் போனது.

2025 ஜனவரி 8-ல் ரோனா வில்சனுக்கும் சுதிர் தாவ்லேவுக்கும் மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தது. அதற்குச் சொன்ன காரணம்: இருவரும் ஆறரை ஆண்டாக உள்ளே இருக்கிறார்கள், அரசுத் தரப்புச் சாட்சிகள் 300-க்கும் மேல், குற்றச்சாட்டுகள் இன்னும் பதிவுகூடச் செய்யப்படவில்லை.